பயிற்சி மருத்துவர்களுக்கான மூன்று நாள் ஆய்வுமுறைப் பயிலரங்கு: ஒரு மதிப்பீடு

சிறப்புப் பிரிவுகளில் பயிற்சி பெறும் மருத்துவர்களுக்காக நடந்த ஆய்வுமுறைப் பயிலரங்கில், நான் வழிகாட்டும் மூவருடன் நானும் மூன்று நாள்கள் அமர்ந்திருந்தேன். வார்டு வேலையும் இரவுப் பணியும் போக மிஞ்சும் நேரத்தில் ஆய்வேடு எழுதும் இவர்களுக்கு மூன்று நாள்களை ஒதுக்குவது எளிதன்று. ஆனாலும் முதல் இரண்டு நாள்களுக்காகவே இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

வார்டில் மனத்தை உறுத்தும் ஒரு கேள்வியோடு வரும்படி எங்களிடம் முன்னதாகவே கேட்டிருந்தார்கள். அறுவை சிகிச்சைப் பயிற்சி மருத்துவர் ஒருவர், "இந்தத் தையல் முறை நல்லதா?" என்ற கேள்வியோடு வந்தார். எந்த நோயாளிகளுக்கு, எதனோடு ஒப்பிட்டு, எந்த விளைவை, எத்தனை நாள்களுக்குள் என்று அரை மணி நேரம் துருவிய பிறகு, குடலிறக்க அறுவைக்குப் பின் 30 நாள்களுக்குள் காயத்தில் தொற்று ஏற்படுவது பழைய முறையைவிட இதில் குறைகிறதா என்பதாக அக்கேள்வி உருப்பெற்றது. தாம் தைத்த 60 பேரில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை என்று அவர் சொன்னபோது, பயிற்றுநர் பலகையில் மூன்றின் கீழ் அறுபது என எழுதினார். ஒரு பாதிப்பும் காணப்படாத நிலையில், 3-ஐ நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் உண்மை விகிதத்தின் 95% நம்பக எல்லையின் மேல்விளிம்பு, அதாவது கிடைத்த தரவோடு பொருந்தக்கூடிய உச்ச அளவு, தோராயமாகக் கிடைக்கும். ஆக, தொற்று விகிதம் 5% வரைகூட இருக்கலாம். போதிய மாதிரி அளவு (ஆய்வில் சேர்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கை) ஏன் வேண்டும் என்பதை இத்தனை தெளிவாக விளக்கிய பாடத்தை என் பயிற்சிக் காலத்தில் நான் கேட்டதில்லை.

இரண்டாம் நாள் ஒரு பழைய எக்செல் தாளைக் கையில் கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். வயதுக்கான பத்தியில் ஓரிடத்தில் 45 என்றும் இன்னோரிடத்தில் "45 வயது" என்றும் இருந்தது. புகைப்பழக்கத்துக்கான கட்டம் வெறுமையாக இருந்தால் பழக்கம் இல்லை என்று கொள்வதா, கேட்கவே இல்லை என்று கொள்வதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே வயது, புகைப்பழக்கம் போன்ற ஒவ்வொரு மாறிக்கும் விளக்கக் குறிப்பு எழுதி வைக்கும் வழக்கம் அங்கேதான் என் மாணவர்களுக்குப் பிடிபட்டது.

புள்ளியியலுக்கான மூன்றாம் நாள் ஏமாற்றமளித்தது. மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதிலேயே பாதி நேரம் கழிந்தது. பி-மதிப்பு 0.05 என்றால் சிகிச்சை பயனற்றதாக இருப்பதற்கு 5% வாய்ப்பே உண்டு என்று விரிவுரையாளர் சொன்னது பெரும்பிழை. சிகிச்சைகளுக்கிடையே வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால், கிடைத்த அளவோ அதைவிடப் பெரிதோ ஆன வேறுபாடு தற்செயலாகத் தென்படும் வாய்ப்பைத்தான் அந்த மதிப்பு சொல்கிறது. இடைவேளையில் இதைச் சுட்டிக்காட்டினேன். அமர்வில் திருத்தம் அறிவிக்கப்படவில்லை. இளையவர்கள் இதை அப்படியே ஆய்வேட்டில் எழுதிவிடுவார்களே என்பதுதான் என் கவலை.

நெறிமுறைக் குழு விண்ணப்பம், நூல் தேடல் ஆகிய அமர்வுகள் போதுமான அளவில் இருந்தன. தரவு சேகரிக்கத் தொடங்கிய பிறகுதான் உண்மையான ஐயங்கள் எழும் என்பதால், ஆறு மாதம் கழித்து ஒரு நாள் அனைவரையும் அவரவர் தாள்களோடு மீண்டும் அழைக்குமாறு அமைப்பாளர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.