ஸ்கிம்மர் இழுக்கவில்லை என்று ஆளைக் கூப்பிட்டேன், 905 டாலர் போச்சு

அமெரிக்காவில் வீடு வாங்கும்போது பின்பக்கம் தரைக்கு மேல் நிற்கிற வட்டமான நீச்சல் குளமும் (பூல்) சேர்ந்து தலையில் விழுந்தவர்களுக்கு இந்தப் பதிவு. மற்றவர்கள் சிரிப்பதற்காகப் படிக்கலாம். என் மனைவி இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

நாங்கள் நியூ ஜெர்சியில், எடிசன் பக்கம். பூல் 24 அடி வட்டம், சுவர் 52 அங்குலம், தண்ணீர் நாலடி நிற்கும், கணக்குப் போட்டால் 13,500 கேலன் வருகிறது. எல்லாம் பழைய வீட்டுக்காரர் போட்டது: 1 ஹெச்பி பம்ப், 19 அங்குல மணல் ஃபில்டர், சுவரில் ஓட்டை போட்டு மாட்டிய ஒரே ஒரு ஸ்கிம்மர், அதாவது தண்ணீரின் மேல் மிதக்கும் குப்பையை இழுத்துக் கூடையில் பிடிக்கிற பெட்டி. மூன்று கோடை ஒரு வம்பும் இல்லாமல் ஓடியது. போன மே மாதக் கடைசியில் மேல்விரிப்பை எடுத்து, தண்ணீர் நிரப்பி, மோட்டாரைப் போட்டால் இலையெல்லாம் ஸ்கிம்மர் வாசல் வரை வந்து, உள்ளே போகலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத் திரும்பிப் போகிறது. பக்கத்து வீட்டு மேப்பிள் மரம் வேறு அந்த நேரத்தில்தான் விதை உதிர்க்கும், ஹெலிகாப்டர் மாதிரி சுழன்று சுழன்று இறங்குமே அது, தண்ணீர் முழுக்கப் பழுப்புத் தோல் போர்த்திய மாதிரி ஆகிவிட்டது.

கூடையைக் காலி செய்தேன். பேக்வாஷ் பண்ணினேன், அதாவது தண்ணீரைத் தலைகீழாக ஓட்டி ஃபில்டர் மணலில் சேர்ந்த அழுக்கை வெளியே தள்ளினேன். ஒன்றும் மாறவில்லை. மெமோரியல் டே விடுமுறை வாரக் கடைசிக்குப் பிள்ளைகளின் நண்பர்களையெல்லாம் கூப்பிட்டாகிவிட்டது. அந்த அவசரத்தில்தான் புத்தி மழுங்கியது. கதவு இடுக்கில் செருகியிருந்த ஒரு நோட்டீஸைப் பார்த்து அந்த ஆளைக் கூப்பிட்டேன். வந்து பார்க்க மட்டும் 125 டாலர்.

வந்தவர் நல்ல பேச்சுக்காரர். நாய்க்குட்டியைக் கொஞ்சினார், கிரிக்கெட் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். ஃபில்டர் தலையில் இருக்கிற பிரஷர் கேஜைத் தட்டிக் காட்டினார். வழக்கமாக 10 பிஎஸ்ஐ காட்டும், அன்றைக்கு முள் 4-ல் படுத்துக் கிடந்தது. "பாருங்கள், மோட்டாருக்கு உயிரே இல்லை, வயசாகிவிட்டது" என்றார். மொத்தம் பத்து நிமிஷம். பம்ப் மூடியைக் கழற்றவில்லை. ஹோஸைத் தொடவில்லை. வண்டியிலேயே 1.5 ஹெச்பி புது பம்ப் தயாராக இருந்தது, கூலியோடு 780 டாலர். அந்தப் பம்ப் எதற்கு வண்டியில் தயாராக இருந்தது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

மாட்டும்போது இரண்டு காரியம் செய்தார். ஸ்கிம்மர் வாயில் ஆடிக்கொண்டிருக்கும் சின்னக் கதவை, வியர் என்பார்கள், பிடுங்கி எடுத்து "இது தண்ணீரைத் தடுக்கிறது, வேண்டாம்" என்று தன் பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் பழைய பம்பைத் தூக்கி, "குப்பைதானே, நானே கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறேன், காசு வேண்டாம்" என்றார். நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி மட்டும் சம்மதிக்கவில்லை. பழைய இரும்பைச் சும்மா தூக்கிக் கொடுக்கிற வழக்கம் அவள் வீட்டில் கிடையாது. கேரேஜில் வையுங்கள் என்று சொல்லிவிட்டாள். அந்த ஆளின் முகம் ஒரு நொடி மாறியதை நான் பார்த்தேன், பார்த்தும் ஒன்றும் புரியவில்லை.

புது பம்ப் ஓடியதும் கேஜ் 20 காட்டியது. "என்ன பலம் பாருங்கள்!" என்றார். நானும் பெருமையாகப் போனில் கையெழுத்துப் போட்டேன். வேலை திருப்தியாக முடிந்தது என்று அதில் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை.

இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் ஸ்கிம்மருக்குள் சுழி விழ ஆரம்பித்தது. கர்க் கர்க் என்று சத்தம், தண்ணீர் திரும்பி வரும் வாயில் குமிழ் குமிழாகக் காற்று. பகலில் இழுத்த இலையெல்லாம் இரவு டைமர் மோட்டாரை நிறுத்தியதும் கூடையிலிருந்து மிதந்து வெளியே வந்து, காலையில் மறுபடி பூலில் நிற்கும். தண்ணீரும் கலங்கல். குளோரின் போட்டுப் பார்த்தேன், தெளியவில்லை. திரும்பக் கூப்பிட்டேன். வந்தார், குனிந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். ஸ்கிம்மர் உடம்பு விரிசல், தண்ணீர் கசிகிறது, அதனால் மட்டம் இறங்கிக் காற்றை இழுக்கிறது, லைனரையும் (பூலின் உள்பக்கம் விரித்திருக்கும் பிளாஸ்டிக் விரிப்பு) மாற்றினால்தான் சரியாகும், 3,400 டாலர், இன்றைக்கே சொன்னால் 3,100 என்றார். இந்த "இன்றைக்கே" என்ற சொல்தான் என்னைக் காப்பாற்றியது. ஊரில் பிளாட் விற்கிறவர்கள் இதே சொல்லைத்தான் சொல்வார்கள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். ஜூன் கடைசியில் மாமனாரும் மாமியாரும் வந்தார்கள். மாமா அன்னூர் பக்கம் தோட்டக்காரர். நாற்பது வருஷம் கிணற்று மோட்டாரோடு மல்லுக்கட்டியவர். நீச்சல் குளம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் முதல் நாள் காலையில் காபி டம்ளரோடு பின்பக்கம் போனவர், சத்தத்தைக் கேட்டே நின்றுவிட்டார்.

"ஏனுங் மாப்ள, மோட்டாரு காத்துக் குடிக்குதுங்களே?"

"ஸ்கிம்மர் ஒழுகுதாம் மாமா, மூவாயிரம் டாலர் கேட்கிறான்."

"ஒழுகுதுன்னு ஆரு பாத்தா?"

யாரும் பார்க்கவில்லை. அதுதான் விஷயம். அவர் ஒரு பக்கெட் கேட்டார். பூல் ஏணியின் படியில் பக்கெட்டை வைத்து, அதற்குள்ளும் பூல் தண்ணீரையே வெளியே இருக்கிற மட்டத்துக்கு ஊற்றி, உள்ளேயும் வெளியேயும் டேப் ஒட்டிக் குறி வைத்தோம். மோட்டாரை நிறுத்தி ஒரு நாள் விட்டோம், பிள்ளைகளை இறங்க விடவில்லை. மறுநாள் பக்கெட்டில் கால் அங்குலம் குறைந்திருந்தது, பூலிலும் அதே கால் அங்குலம். வெயிலில் ஆவியாகப் போனது அவ்வளவுதான். ஒழுகியிருந்தால் பூல் மட்டம் பக்கெட்டை விட அதிகமாக இறங்கியிருக்க வேண்டும். 3,400 டாலர் விரிசலை ஒரு பிளாஸ்டிக் பக்கெட் அடைத்துவிட்டது.

ஹோஸ் இணைப்புகளையும் அப்போதே பார்த்தோம். நம் மாதிரி பூலில் பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அதனால் ஸ்கிம்மருக்கும் பம்புக்கும் நடுவில் எங்காவது ஓட்டை இருந்தால், மோட்டார் ஓடும்போது அது காற்றை உள்ளே இழுக்கும், நின்றிருக்கும்போது அதே இடத்தில் தண்ணீர் சொட்டும். நிறுத்தி வைத்துக் காய்ந்த பேப்பரால் ஒவ்வொரு கிளாம்ப்பையும் துடைத்துப் பாருங்கள், பேப்பரே சொல்லிவிடும். எங்களுக்கு ஒரு சொட்டு கூட இல்லை.

அப்புறம் எங்கிருந்து காற்று? பம்ப் பெரிசு, அவ்வளவுதான். 19 அங்குல மணல் ஃபில்டர் நிமிடத்துக்கு 40 கேலன் அளவில் நிதானமாக வடிகட்டும். அந்தக் கணக்கில் என் பூல் முழுக்க ஒரு சுற்று வர ஆறு மணிநேரத்துக்குள் ஆகிவிடும், அதுவே தாராளம். ஒன்றரை அங்குலக் குழாயும் அந்த அளவுக்குத்தான் சுகமாகத் தண்ணீர் விடும். 1.5 ஹெச்பி அதற்கு மேல் இழுக்கப் பார்க்கிறது, ஸ்கிம்மர் வாய் வழியாக அவ்வளவு தண்ணீர் உள்ளே வந்து சேருவதற்குள் கூடைப் பக்கம் காலியாகிச் சுழி விழுகிறது, சுழி வழியாகக் காற்று போகிறது. அந்தப் பக்கம் ஃபில்டருக்குள் தண்ணீர் அடித்துக்கொண்டு போவதால் பொடி அழுக்கு மணலில் நிற்காமல் அப்படியே திரும்பி வருகிறது. கேஜ் 20 காட்டியதே, அது பலம் இல்லை, மூச்சுத் திணறல்.

இந்தக் கேஜ் விஷயத்தை மட்டும் மனதில் வைத்திருந்தால் எனக்கு முதல் நாளே வெளிச்சமாகியிருக்கும். ஃபில்டர் சுத்தமாக இருக்கும்போது காட்டும் எண்ணை மார்க்கரால் அதன் மேலேயே எழுதி வையுங்கள். அதிலிருந்து 8, 10 ஏறினால் அடைப்பு பம்பைத் தாண்டி இருக்கிறது, பேக்வாஷ் பண்ண வேண்டும். இறங்கினால் அடைப்பு ஃபில்டருக்கு இந்தப் பக்கம்: ஸ்கிம்மர் கூடை, ஹோஸ், பம்ப் கூடை, இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்). எனக்கு 10 இருந்த இடத்தில் 4. நான் பேக்வாஷ் பண்ணிக்கொண்டிருந்தேன், கால் வலிக்குத் தலையில் தைலம் தேய்த்த கதை.

சரி, பழைய பம்புக்கு வருகிறேன். கேரேஜ் தரையில் பேப்பர் விரித்து வைத்து மாமா ஆறு போல்ட்டைக் கழற்றினார். (மாட்டியிருக்கும் பம்பைக் கழற்றுகிறவர்கள் ஸ்விட்சை நம்ப வேண்டாம், பிரேக்கரையே இறக்குங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள்.) முதலில் பம்ப் கூடை வந்தது. அடியில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல், குளிர்காலத்தில் உள்ளே தங்கிய தண்ணீர் உறைந்து உடைத்திருக்கும். அப்புறம் இம்பெல்லர். அதன் இதழ்களுக்கு நடுவே மேப்பிள் விதைகள், ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி வைத்தாற்போல், கறுத்து, ஊறி, புளி உருண்டை மாதிரி. மாமா மாமியாரிடம் ஹேர்பின் கேட்டு வாங்கி ஒவ்வொன்றாகத் தோண்டினார். நடுவில் என் மகளின் ஊதா நிற ஹேர்பேண்ட் வந்தது, போன வருஷம் தொலைந்தது என்று அழுதாளே அது. கடைசி விதை வந்ததும் விரலால் சுற்றிவிட்டார், லேசாகச் சுற்றியது. மோட்டாருக்கு ஒரு நோயும் இல்லை. தொண்டையில் விதை அடைத்திருந்தது, அவ்வளவுதான்.

அந்த ஆள் ஏன் இலவசமாகத் தூக்கிப் போட்டுவிடுகிறேன் என்றார் என்பது அந்த நிமிஷம்தான் புரிந்தது. விதைகளை வழித்தெடுத்துவிட்டு அந்தப் பம்பை வேறு எவனுக்காவது விற்றிருப்பார். இது என் ஊகம்தான், ஆனால் மாற்றிக்கொள்வதாக இல்லை.

புதுக் கூடை 14 டாலர், வியர் கதவு 18 டாலர். பழைய பம்பையே மாட்டினோம். மூடியின் ரப்பர் வளையத்துக்கு, அதாவது ஓ-ரிங்குக்குப் போட மாமா வாசலின் கேட்டார், இதில் மட்டும் நான் ஜெயித்தேன், பெட்ரோலியத்தில் செய்தது சில ரப்பரை ஊற வைத்துக் கெடுத்துவிடும், சிலிகான் கிரீஸ்தான் போட வேண்டும். தண்ணீர் மட்டத்தை ஸ்கிம்மர் வாயின் பாதிக்குக் கொண்டுவந்தோம். தண்ணீர் திரும்பி வரும் உருண்டை வாய் நேராக மேலே பார்த்துக்கொண்டு சும்மா கொப்பளித்துக்கொண்டிருந்தது, அதைப் பக்கவாட்டில் திருப்பி வைத்ததும் பூல் தண்ணீர் மொத்தமும் செக்கு மாதிரி மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது.

அந்தச் சின்னக் கதவைப் பற்றி ஒரு வார்த்தை. நானும் அது குப்பை வெளியே போகாமல் தடுக்கிற மூடி என்றுதான் நினைத்திருந்தேன். அந்த வேலையும் உண்டு, மோட்டார் நின்றதும் அது நிமிர்ந்து வாயை அடைக்கும். ஆனால் மோட்டார் ஓடும்போது அது பாதி சாய்ந்து மிதந்து, தண்ணீரின் மேல் ஏடு மட்டும் மெல்லிசாக, வேகமாகத் தன் மேல் வழிந்து விழும்படி செய்கிறது. பாலில் ஆடையை மட்டும் வழித்தெடுப்பது போல. அது இல்லாவிட்டால் ஸ்கிம்மர் அடித்தண்ணீரையும் சேர்த்து இழுக்கும், மேலே மிதக்கிற இலை அசையாமல் நிற்கும். அதைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனவர் ஒன்று வேலை தெரியாதவர், அல்லது நன்றாகவே தெரிந்தவர்.

பணம் திரும்ப வந்ததா என்றால், வரவில்லை. போனை எடுப்பதில்லை. கார்டு கம்பெனியில் ஆட்சேபம் போட்டேன், நான் கையெழுத்துப் போட்ட அந்தத் திருப்திச் சீட்டைக் காட்டி ஜெயித்துவிட்டார். அப்புறம்தான் படித்தேன், நியூ ஜெர்சியில் 500 டாலருக்கு மேல் போகிற வீட்டு வேலைக்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதில் ஒப்பந்தக்காரரின் மாநிலப் பதிவு எண் இருக்க வேண்டும், நகல் கைக்கு வந்து மூன்று வேலை நாளுக்குள் ரத்து செய்கிற உரிமையும் உண்டு. என்னிடம் இருப்பது எண் இல்லாத ஒரு ரசீது. அதை வைத்தே மாநிலத்தில் புகார் போட்டிருக்கிறேன்.

1.5 ஹெச்பி பம்ப் இப்போது கேரேஜில், பழையது இருந்த அதே இடத்தில் கிடக்கிறது. விற்கலாம் என்று விளம்பரம் போட்டேன். போன வாரம் ஒருவர் வந்தார், 250 டாலருக்கு உடனே எடுத்துக்கொள்கிறேன் என்றார். உங்கள் ஃபில்டர் எத்தனை அங்குலம் என்று கேட்டேன். பதினாறு என்றார். காபி கொடுத்து, மேப்பிள் மரம் பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரித்து, ஒரு ஹேர்பின்னைக் கையில் கொடுத்து அனுப்பி வைத்தேன். மனைவிக்கு அதில் கொஞ்சம் கோபம்தான்.