‘தி குவைட் இயர்’ – பலமுறை ஆடிய பின் ஒரு பயன்பாட்டு அனுபவப் பகிர்வு

ஏவரி ஆல்டர் வடிவமைத்து 2013-ல் வெளிவந்த ‘தி குவைட் இயர்’, வரைபடம் வரைந்தபடியே கூட்டாகக் கதை கட்டும் ஆட்டம். இரண்டு முதல் நான்கு பேர் ஆடலாம். கதையை நடத்துபவர் என்று தனியாக ஒருவர் கிடையாது, யாருக்கும் சொந்தமாக ஒரு கதாபாத்திரமும் கிடையாது. பேரழிவுக்குப் பின், எதிரிகளை விரட்டிவிட்டு மூச்சுவிடும் அறுபது, எண்பது பேர் கொண்ட ஒரு குடியிருப்பு. அதற்குக் கிடைத்த அமைதியான ஓராண்டு. அந்த ஓராண்டில் ஊர் என்ன ஆனது என்பதுதான் கதை. இதன் உயிர், பேச்சுக்கு அது போடும் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் தளர்த்தினாலும் ஆட்டம் படுத்துவிடும்.

விதிநூலோடு ஜோக்கர் நீக்கிய சாதாரணச் சீட்டுக்கட்டு, ஆறு சிறிய பகடைகள், இருபது காய்கள், ஒரு பெரிய தாள், பென்சில், பெயர்களையும் வளங்களையும் எழுத ஓரிரு அட்டைகள் போதும். காய்களுக்குப் புளியங்கொட்டை தாராளமாகப் போதும். தாள் ஏ3 அளவாவது இருக்கட்டும். ஏ4 என்றால் கோடைக்குள்ளேயே இடம் தீர்ந்துவிடும். ஸ்கெட்ச் பேனா வேண்டாம். குளிர்காலத்தில் பல இடங்கள் அழியும், அவற்றை அழித்து வரைய வேண்டியிருக்கும்.

ஒரு சீட்டு ஒரு வாரம். ஹார்ட் வசந்தம், டைமண்ட் கோடை, கிளாவர் இலையுதிர்காலம், ஸ்பேட் குளிர்காலம். ஒவ்வொரு இனத்தையும் தனித்தனியாகக் கலைத்து வரிசையாக அடுக்க வேண்டும். ஸ்பேட் ராஜா வந்ததும் பனி மேய்ப்பர்கள் வந்துவிடுவார்கள், ஆட்டம் அத்தோடு முடியும். அவர்கள் யார் என்று விதிநூல் சொல்வதில்லை. ராஜா குளிர்காலத்தின் முதல் சீட்டாகவும் வரலாம், கடைசியாகவும் வரலாம். சராசரியாகப் பார்த்தால் ஓர் ஆட்டத்தில் மொத்தம் 46 முறை சீட்டெடுக்க வேண்டிவரும். முறைக்கு 4 நிமிடம் வைத்தாலும் 3 மணி நேரம் தாண்டும். நேரம் குறைவென்றால் ஒவ்வொரு இனத்திலும் பார்க்காமல் மூன்று சீட்டை எடுத்துவிடுங்கள். ஸ்பேட் ராஜா மட்டும் வெளியே போய்விடக் கூடாது. ஆட்டம் இரண்டரை மணி நேரத்துக்குள் அடங்கும், கதையும் குறைபடாது. முதன்முறை ஆடுவோருக்கு இதையே பரிந்துரைப்போம்.

தொடக்கத்தில் ஆளுக்கொரு நிலக்கூறு வரைந்து, ஆளுக்கொரு வளம் சொல்ல வேண்டும். அவற்றில் ஒன்று மட்டும் தாராளம், மற்றவை தட்டுப்பாடு. எது தாராளம் என்பதைச் சேர்ந்து முடிவு செய்யும் இடத்தில் அவசரப்படாதீர்கள். தண்ணீர் தாராளமாகவும் நம்பிக்கை தட்டுப்பாடாகவும் உள்ள ஊரும், இதற்கு நேர்மாறான ஊரும் முற்றிலும் வேறு கதைகள்.

உங்கள் முறையில் சீட்டெடுத்து, விதிநூலில் அதற்குரிய கேள்விக்குப் பதில் சொல்கிறீர்கள். பெரும்பாலும் இரண்டு கேள்விகள் இருக்கும், ஒன்றைத் தேர்ந்தால் போதும். பிறகு வரைபடத்தில் நடந்துகொண்டிருக்கும் வேலைகளுக்கு மீதமுள்ள வாரங்களைக் காட்டும் பகடைகளை ஒவ்வொன்று குறைக்கிறீர்கள். அதன்பின் மூன்றில் ஒன்று: புதிதாக ஒன்றைக் கண்டறிவது, ஊர்க்கூட்டம் போடுவது, ஒரு வேலையைத் தொடங்குவது. வேலைக்கு ஒன்று முதல் ஆறு வாரம் வரை பகடை வைக்கலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

ஊர்க்கூட்டத்தில்தான் பெரும்பாலான குழுக்கள் வழுக்குகின்றன. ஆளுக்கு ஒரு முறை, ஓரிரு வாக்கியம், அவ்வளவுதான். கூட்டம் எந்த முடிவையும் எடுப்பதில்லை. இது செயற்கையாக இருக்கிறதென்று கருதி, மேசையைச் சுற்றி எல்லோரும் தாராளமாகப் பேச ஆரம்பித்தால் என்ன ஆகும்? பேச்சுத் திறமை உள்ளவர் கையில் ஊர் போய்விடும். நான்கு பேரும் ஒத்துப்போய் ஊர் ஒரே குரலாகிவிடும், இலையுதிர்காலத்தில் வெடிக்க வேண்டிய பிணக்கு எதுவும் மிஞ்சாது. பேச்சைப் பாதியில் நிறுத்துவதால்தான் சொல்லாமல் விட்டது மனத்தில் தங்குகிறது; அடுத்த வேலையாகவோ மனக்கசப்புக் காயாகவோ அது வெளியே வருகிறது. இரண்டு வாக்கிய வரம்பை முதல் பத்து முறையாவது கறாராகப் பிடியுங்கள். அதற்குப் பிறகு யாரும் மீறமாட்டார்கள்.

அந்தக் காய்கள் மனக்கசப்பைக் குறிப்பவை. உங்களைக் கேட்காமல் ஏதோ நடந்துவிட்டது என்று பட்டால் ஒன்றை எடுத்து முன்னால் வைக்கலாம். பிறகு சுயநலமாக நடந்துகொள்ள அதைச் செலவிடலாம், பிறர் செயல் மனத்தைக் குளிர்வித்தால் திருப்பியும் வைக்கலாம். புள்ளிக் கணக்கு எதுவும் கிடையாது. நம் ஆட்கள் மரியாதைக்காக எடுக்கத் தயங்குவார்கள், கோடை முடியும்வரை குவியல் அப்படியே கிடக்கும். மருந்து எளிது: குவியலை மேசை நடுவில், எல்லோர் கைக்கும் எட்டும்படி வையுங்கள். காய் எடுத்தவரிடம் ‘ஏன்?’ என்று கேட்கக் கூடாது என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். விளக்கம் கேட்டால் அது சண்டையாகும், கேட்காவிட்டால் கதையாகும்.

இன்னொரு சிக்கல், எல்லா வேலைக்கும் இரண்டு மூன்று வாரமே வைப்பது. வைத்ததெல்லாம் முடிந்துவிடுவதால், வேலையைக் கெடுக்கும் சீட்டுகள் வரும்போது கெடுக்க ஒன்றும் இருக்காது. கிணறு வெட்ட ஐந்து, சுவர் எழுப்ப ஆறு என்று வையுங்கள். கண்டறிதலையே திரும்பத் திரும்பத் தேர்வதும் அப்படித்தான்: வரைபடம் மர்மங்களால் நிரம்பும், ஒன்றுக்கும் விடை வராது. படம் வரைவதை 30 விநாடிக்குள் முடித்துவிடுவது நல்லது. இல்லையென்றால் நன்றாக வரைபவருக்காக மற்றவர்கள் காத்துக்கிடப்பார்கள்.

இதே அச்சில் சொந்த ஆட்டம் செய்ய நினைப்பவர்களுக்கு: வேலையின் பெரும்பகுதி கேள்வி எழுதுவதுதான். ‘ஊரில் கோயில் உண்டா?’ என்று கேட்டால் பதில் ஒரு சொல்லோடு நின்றுவிடும். ‘கோயிலுக்குள் யாரை விடுவதில்லை?’ என்றால் கோயிலும் வந்துவிட்டது, பிணக்கும் வந்துவிட்டது. முதல் பருவத்துக் கேள்விகள் இருப்பதைச் சொல்லவைக்கட்டும், மூன்றாம் பருவத்தவை இருப்பதைப் பறிக்கட்டும். நான்காவதில் புதிய ஆட்களைக் கொண்டுவராதீர்கள், பழகுவதற்கு நேரமிருக்காது. எழுதிய 52 சீட்டையும் ஒன்றாகக் கொடுக்காமல், முதலில் ஒரே ஒரு பருவத்தின் 13 சீட்டை மட்டும் வேறு குழுவிடம் கொடுத்து ஆடச் சொல்லிக் கவனியுங்கள். எந்தச் சீட்டில் பென்சில் அசையவில்லையோ அந்தக் கேள்வியைத் திருத்துங்கள்.