பார்பெல் இல்லாமல் பலம் நிற்குமா? சில வருட வீட்டுப் பயிற்சி அனுபவம்

ஜிம் சந்தாவைப் புதுப்பிக்காமல் விட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. அதற்கு முன் பார்பெல்லோடு, அதாவது இரு முனையிலும் எடைத்தட்டு மாட்டும் நீண்ட கம்பியோடு, நன்றாகப் பழகியவன் நான். அதனால் இது புதிதாக உடற்பயிற்சி தொடங்குகிறவரின் கதை இல்லை. ஏற்கெனவே சேர்த்த பலத்தை உடல் எடையை மட்டும் வைத்து வீட்டிலேயே காப்பாற்ற முடியுமா என்று பார்த்தவனின் கணக்கு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடுப்புக்கு மேலே பலம் கிட்டத்தட்ட முழுதாக நின்றது, சில விஷயங்களில் கூடவும் செய்தது. தொடை ஓரளவு தாக்குப்பிடித்தது. ஆனால் தரையிலிருந்து கனமான ஒன்றைத் தூக்குகிற பலம், அதாவது கீழ் முதுகும் பின்தொடையும் சேர்ந்து செய்யும் வேலை, இறங்கிவிட்டது.

பலத்தைச் சேர்ப்பது ஒரு வேலை, சேர்த்ததை வைத்துக்கொள்வது வேறு வேலை. இரண்டாவதற்கு ஆகும் உழைப்பு வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில் முதலில் 16 வாரம் தொடைக்குக் கடினமான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். அப்புறம் 32 வாரத்துக்குப் பயிற்சியின் அளவை வெட்டினார்கள். ஒரு பிரிவினருக்கு ஒன்பதில் ஒரு பங்குதான் மிஞ்சியது. அப்படியும் இளைஞர்கள் தசையையும் பலத்தையும் பெரும்பாலும் தக்கவைத்தார்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்குத் தசையின் அளவைக் காக்க அது போதவில்லை. இதில் கவனிக்க வேண்டியது, செட்களை, அதாவது ஒரே மூச்சில் செய்யும் சுற்றுகளை, குறைத்தார்களே தவிர எடையைக் குறைக்கவில்லை. வீட்டுப் பயிற்சியில் பலம் போய்விட்டது என்று புலம்புகிறவர்களில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எளிதான பயிற்சியை வைத்துக்கொண்டு எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். ஐம்பது தண்டால் எடுப்பது பார்க்க நன்றாக இருக்கும், தாங்கும் திறனும் வளரும். ஆனால் ஒரே ஒருமுறை பெரிய எடையைத் தள்ளும் பலத்துக்கு அது அவ்வளவாக உதவாது.

வீட்டில் எடையை எப்படி ஏற்றுவது என்று கேட்டால், கோணத்தை மாற்றித்தான். சாதாரண தண்டாலில் கைகள் தாங்குவது உடல் எடையில் சுமார் 64 சதவீதம் என்று அளந்திருக்கிறார்கள். முழங்காலை ஊன்றிச் செய்தால் 49. கைகளை 60 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால் 41தான். கால்களை அதே உயரத்தில் வைத்தால் 74. ஆக, 70 கிலோ எடை உள்ள ஒருவர் காலை அந்த உயரத்துக்குத் தூக்கி வைத்தாலே 45 கிலோவிலிருந்து 52 கிலோவுக்குத் தாவிவிடுகிறார். எடைத்தட்டு எதுவும் மாட்டவில்லை! அதற்கு மேலும் படிகள் இருக்கின்றன: எடையை ஒரு கைப் பக்கமாகச் சாய்த்துச் செய்வது, இடுப்பைக் கூரைபோல் உயர்த்தித் தோளுக்குச் சுமையை மாற்றுவது, கடைசியில் ஒற்றைக் கைத் தண்டால். நடுவே ரெசிஸ்டன்ஸ் பேண்ட் என்ற ரப்பர் பட்டையை முதுகைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாலும் போதும். பெஞ்சில் மல்லாந்து படுத்து பார்பெல்லை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸுக்கு இணையான சுமை வரும்படி பேண்டோடு தண்டால் எடுத்தவர்கள், பெஞ்ச் பிரஸ் செய்தவர்கள் அளவுக்கே பலம் பெற்றதாக 2015இல் ஓர் ஆய்வு காட்டியது. என் அனுபவமும் அதேதான். நண்பரின் பெஞ்சில் எப்போதாவது படுத்துப் பார்ப்பேன். முதல் நாள் பார் கொஞ்சம் ஆடும், பழக்கம் விட்டுப்போயிருக்கும் அல்லவா? ஓரிரு முறை செய்ததும் பழைய எடைக்குப் பக்கத்தில் வந்துவிடுவேன்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது. எந்தப் பயிற்சியாக இருந்தாலும் ஐந்து முதல் பன்னிரண்டு ரெப்புக்குள், அதாவது அத்தனை முறை செய்வதற்குள், மூச்சு முட்ட வேண்டும், இன்னும் ஒன்றோ இரண்டோதான் மிச்சம் இருக்கிறது என்ற இடத்தில் நிறுத்த வேண்டும். பன்னிரண்டைத் தாண்டி வசதியாகப் போகிறது என்றால் அடுத்த படிக்கு மாறுவேன். மாறும் அளவுக்கு இன்னும் வரவில்லை என்றால் இறங்கும் வேகத்தைக் குறைப்பேன். நான்கு நொடி எடுத்து இறங்கி, கீழே ஒரு நொடி நின்று எழுந்தால், பழகிய தண்டாலே புதிதாகக் கனக்கும். செட்களுக்கு நடுவே இரண்டு மூன்று நிமிட ஓய்வு கட்டாயம். வீட்டில்தானே என்று அவசர அவசரமாகச் செய்தால் அது இதயத்துக்கான பயிற்சியாக மாறிவிடுகிறது. அதுவும் நல்லதுதான், ஆனால் நாம் பேசுவது அதைப் பற்றி இல்லை.

இழுக்கும் பயிற்சிக்கு மட்டும் ஏதாவது ஒரு கருவி வேண்டும். தரையைத் தள்ளலாம், இழுக்க முடியாது. கதவில் மாட்டும் கம்பி போதும், ஆனால் வாங்கும்போது அது கதவுச் சட்டத்தில் எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் திருகி இறுக்கி, வெறும் உராய்வில் மட்டும் நிற்கும் வகையில் முழு உடலையும் ஆட்டித் தொங்க எனக்குத் தைரியம் இல்லை. சுவரில் போல்ட் போட்டது நிம்மதி. இடம் இருந்தால் ஜிம்னாஸ்டிக் வளையங்கள் இன்னும் மேல். உயரத்தைக் கூட்டிக் குறைத்து ஒரே ஜோடியில் தொங்கி உடலை மேலே இழுக்கும் புல்-அப், சாய்ந்து இழுக்கும் ரோ, கைகளை ஊன்றி உடலை இறக்கி ஏற்றும் டிப்ஸ் எல்லாம் செய்துவிடலாம். மணிக்கட்டு தன் விருப்பப்படி திரும்புவதால் முழங்கைக்கும் இதம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கம்பியில் நிறையத் தொங்குகிறவர்களுக்கு முழங்கையின் உட்புறத்தில் ஒரு வலி வரும், எனக்கும் வந்தது. தசை சீக்கிரம் தேறிவிடும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் அதன் பின்னால் மெதுவாகத்தான் வரும். இழுக்கும் நாட்களைக் குறைத்து, உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும் பிடிக்கு மாறிய பிறகுதான் அடங்கியது.

புல்-அப்பில் இன்னொரு வேடிக்கை, அது எடை பார்க்கும் கருவியைவிட நேர்மையானது. இரண்டு கிலோ ஏறினால் பெஞ்ச் பிரஸ் கண்டுகொள்ளாது. கம்பி உடனே சொல்லிவிடும்.

இப்போது கால்கள். இரு கால் ஸ்குவாட், அதாவது நம் பஸ்கி, பார்பெல்லோடு பழகிய ஒருவருக்குச் சுமையே இல்லை. ஒற்றைக் காலுக்கு மாறுவது ஒன்றே வழி. பலரும் ஆசைப்படுவது பிஸ்டல் ஸ்குவாட், ஒரு காலை முன்னால் நீட்டி மறுகாலில் முழுதாக உட்கார்ந்து எழுவது. என் கருத்தில் அது கொஞ்சம் மிகையாகப் புகழப்பட்ட பயிற்சி. பாதி நேரம் தடுப்பது தொடையின் பலவீனம் இல்லை, கணுக்கால் மடங்காததும் சமநிலை தவறுவதும்தான். பின்காலை நாற்காலியில் வைத்துச் செய்யும் பல்கேரியன் ஸ்ப்ளிட் ஸ்குவாட்டில் அந்தத் தொல்லை குறைவு, தொடைக்கு வேலை நேராகப் போய்ச் சேரும். சுமை கூட்ட முதுகுப்பை போதும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, அதே பாட்டிலில் உலர்ந்த மணல் நிரப்பினால் சுமார் ஒன்றரைக் கிலோ. கெண்டைக்காலுக்குப் படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று ஏறி இறங்கினால் ஜிம் மெஷினைத் தேட வேண்டியதே இல்லை.

சிக்கல் பின்பக்கத்தில்தான். பார்பெல்லைத் தரையிலிருந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்டுக்கு வீட்டில் சரியான மாற்று எனக்குக் கிடைக்கவில்லை, அதற்குக் காரணமும் தெளிவு. இடுப்பை மடித்து நிமிரும் அசைவில் உடல் எடை மட்டும் என்றால், தூக்குவது தலையும் கைகளும் மேலுடம்பும்தான். தன் எடையைப்போல் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு தூக்கிப் பழகிய முதுகுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கோணத்தை எப்படி மாற்றினாலும் அந்த இடைவெளி நிரம்பாது. ஒற்றைக் காலில் நின்று குனிந்து நிமிர்ந்தால் முதலில் தடுமாறுவது சமநிலைதான். கணுக்கால்களை எதிலாவது மாட்டி, முழங்காலில் நின்றபடி உடலை முன்னால் மெதுவாகச் சாய்க்கும் நார்டிக் பயிற்சி பின்தொடைக்கு அற்புதமானது. கால்பந்து வீரர்களுக்குப் பின்தொடைக் காயம் குறைய அதைக் கொடுக்கிறார்கள். ஆனால் அது முழங்காலை மடக்கும் பலத்தைத்தான் வளர்க்கும், இடுப்பை நிமிர்த்தும் பலத்தை அல்ல. நண்பரிடம் பார்பெல்லைத் தரையிலிருந்து தூக்கிப் பார்த்தபோது இந்த வித்தியாசம் அப்பட்டமாகத் தெரிந்தது. பிடியும் தளர்ந்திருந்தது, முதுகும் தயங்கியது.

யாருக்கு இது ஒத்துவரும் என்று கேட்டால், பவர்லிஃப்டிங் போட்டிக்குப் போகிறவருக்கு நிச்சயம் இல்லை, பார்பெல்லைத் தூக்க பார்பெல்லைத்தான் பழக வேண்டும். மற்றபடி வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் கொடுக்க முடிந்த எவருக்கும் தாராளமாகப் போதும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரையும் தசை வலுவூட்டும் பயிற்சியை வாரத்தில் குறைந்தது இரண்டு நாள்தான் கேட்கிறது. ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும் அவசியம். ஜிம்மில் தட்டில் எழுதியிருக்கும் எண்ணே நினைவூட்டிவிடும். வீட்டில் கால் எந்த உயரத்தில் இருந்தது, பையில் எத்தனை கிலோ, எத்தனை ரெப் என்று எழுதாவிட்டால் அடுத்த முறை மனம் தாராளமாகத் தள்ளுபடி கொடுத்துவிடும்.

பின்பக்கக் குறைக்கு இப்போதைக்கு ஒரு மணல் மூட்டை கட்டி வைத்திருக்கிறேன். கட்டிப்பிடித்துத் தூக்கினால் முதுகு வேலை செய்வது தெரிகிறது, ஆனால் பிடிக்குப் பயிற்சி போதவில்லை. கைப்பிடி வைத்த இரும்புக் குண்டான கெட்டில்பெல் ஒன்று வாங்கிவிடலாம் என்ற எண்ணம் இருக்கிறது. 24 கிலோவா 32 கிலோவா என்பதில்தான் இழுபறி. முதுகு 32 என்கிறது, மணிக்கட்டு 24 போதும் என்கிறது.