திரையிலிருந்து தாளுக்கு வந்த டேலெக்குகள்

பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரில் 1963 டிசம்பர் முதல் ஏழு வாரங்கள் ஒளிபரப்பான, டெர்ரி நேஷன் எழுதிய, டேலெக்குகள் என்னும் உலோகக் கவச வேற்றுக்கிரக உயிரினங்களின் கதையை 1964இல் நாவலாக்கிய டேவிட் விட்டேக்கர், திரையில் கண்டதை அப்படியே படியெடுக்காமல், டாக்டர் என்னும் காலப் பயணியின் துணைவன் இயன் தன் வாயால் சொல்லும் கதையாக மாற்றியதே இந்நூலின் பெரும் பலம்.

தொடரில் பழைய சாமான் கிடங்கில் நிகழும் இயன்–டாக்டர் முதல் சந்திப்பு, இங்கே பனிமூட்டம் கவிந்த பார்ன்ஸ் காமன் என்னும் லண்டன் திறந்தவெளியில் ஒரு சாலை விபத்தோடு நிகழ்கிறது. தொடரைப் பார்த்தவர்களுக்கு இது சற்று உறுத்தலாம். எனக்கு நாவலின் தொடக்கமே பிடித்திருக்கிறது. கண்ணாடி உறைக்குள் வீற்றிருக்கும் டேலெக் தலைவன் திரையில் இல்லாதவன். தயாரிப்புச் செலவைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாத எழுத்துக்கே அவன் வாய்த்தான்.

குறை ஒன்றுண்டு: இயன் இல்லாத இடத்தில் நடப்பவையெல்லாம் செவிவழிச் செய்தியாகச் சுருங்கிவிடுகின்றன.