பல் ஒயிட்டனிங்: சில வருடம் கழித்து

கிளினிக்கில் ஒரே நாளில் செய்வது, வீட்டில் ஜெல் வைத்த ட்ரேயைப் பல்வரிசைமேல் மாட்டிக்கொள்வது, இரண்டையும் செய்து பார்த்தாயிற்று. ட்ரேதான் என் ஓட்டு.

கிளினிக்கில் முதலில் க்ளீனிங் செய்து காறையை எடுத்தார்கள். (பாதிப் பேருக்கு இதிலேயே திருப்தி வந்துவிடும் என்று நினைக்கிறேன்.) பிறகு ஈறு வெந்துவிடாமல் அதன்மேல் ஒரு பூச்சு, அப்புறம்தான் பல்லில் ஜெல். அதில் இருப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு, பொதுவாக 25 முதல் 40 சதவீதம் வரை. பல்லைச் சுரண்டாமல், எனாமலுக்குள் இறங்கிக் கறையின் நிறத்தை உடைக்கிறது. பல் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் ஷேட் கார்டில் ஏ3 என்றிருந்தது, அதைவிட வெளுப்பான ஏ1 பக்கம் வந்தது. ஆனால் அன்று தெரியும் வெண்மையில் ஒரு பங்கு பல் காய்ந்துபோனதால் வருவது. சில நாளில் இறங்கிவிடும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதில் எனக்கு இன்னும் வருத்தம்.

அன்றிரவு மூச்சை வாய்வழியாக இழுத்தாலே பல் சுருக்கென்றது. பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பேஸ்ட் தடவ, ஓரிரு நாளில் அடங்கியது. டிகாஷன் காபியை நான் விடவில்லை, மஞ்சளும் என்னை விடவில்லை. வருடம் திரும்புவதற்குள் எட்டிப் பார்த்தது.

அதனால்தான் ட்ரே. அளவு எடுத்து என் பல்வரிசைக்கே செய்து தந்தார்கள். அதில் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை, ஒவ்வொரு பல்லுக்கும் அரிசி மணி அளவு வைத்து இரவில் போட்டுக்கொள்ள வேண்டும். வழிந்தால் துடைத்துவிடுங்கள், ஈறு எரியும். அது உடைந்து தரும் ஹைட்ரஜன் பெராக்சைடு அதன் அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் கூச்சம் குறைவு, பலனும் மெதுவாகத்தான் தெரியும். 1989-லேயே அமெரிக்காவில் ஹேவுட், ஹேமன் என்ற பல் மருத்துவர்கள் இருவரும் எழுதிவைத்த முறை. ட்ரே பத்திரமாக இருந்தால், மறுபடி மங்கும்போது ஜெல் மட்டும் வாங்கினால் போதும்.

ஃபில்லிங்கும் கேப்பும் வெளுக்காது. என் முன்பல்லில் இருந்த பழைய ஃபில்லிங் மட்டும் பழுப்பாகத் தனித்துத் தெரிந்தது. உடனே மாற்றினால் புதியது சரியாக ஒட்டாதாம். இரண்டு வாரம் பொறுத்து மாற்றினார்கள். அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

தர்மபுரிப் பக்கம் வளர்ந்த உறவுக்காரப் பெண் தனக்கும் செய்யலாமா என்று கேட்டாள். அந்தப் பக்கத்து ஃபுளோரைடு அதிகமுள்ள தண்ணீரால் வந்த கறைக்கு ஒயிட்டனிங் மட்டும் பல நேரம் போதாது. சில சமயம் வெள்ளைத் திட்டுகள் இன்னும் எடுப்பாகிவிடும். எனாமலின் மேற்பரப்பை மெல்லியதாகத் தேய்த்தெடுக்கும் மைக்ரோஅப்ரேஷன் பற்றி டாக்டரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அவள் இப்போது தேய்த்துக்கொண்டிருக்கும் கரிப்பொடியை மட்டும் முதலில் நிறுத்தச் சொன்னேன்.