இடம் மாறிய மின்னஞ்சல் கோப்புக்கு ‘டேட்டா ரெக்கவரி’ கட்டணம்: அவுட்லுக் பயன்படுத்தும் சிறு அலுவலகங்களுக்கு ஓர் எச்சரிக்கை

மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் மென்பொருளான அவுட்லுக்கின் தரவுக் கோப்பை சி டிரைவிலிருந்து வேறு டிரைவுக்கு மாற்றியபின் பிழைச் செய்தி வந்தால், கோப்பு பழுதாகிவிட்டது என்று சொல்லிப் பணம் கேட்பவரிடம் கணினியை உடனே ஒப்படைத்துவிட வேண்டாம். கரூரில் நாங்கள் நடத்தும் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி அலுவலகத்தில், சிறிதும் சேதமடையாத ஒரு கோப்பை ‘மீட்டுத் தந்ததற்காக’ 9,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. நடந்த விதத்தை எழுதினாலே, இதே பேச்சு உங்களிடம் வரும்போது அடையாளம் கண்டுகொள்ளலாம்.

எங்கள் மின்னஞ்சல் பாப் முறையில் இயங்குவது. இணையதளத்தோடு சேர்த்து வாங்கிய அஞ்சல்பெட்டி சிறியது என்பதால், கடிதங்கள் அலுவலகக் கணினியில் இறங்கி, 14 நாட்களுக்குப் பின் சர்வரிலிருந்து நீங்கிவிடும். அவுட்லுக் தானாகவே வைத்திருக்கும் ஏற்பாடும் அதுதான். ஆகவே பையர்களின் ஆர்டர்கள், சாம்பிள் ஒப்புதல்கள், வங்கிக் கடிதங்கள் எல்லாமே ஏறத்தாழ 17 ஜி.பி. அளவுள்ள ஒரே பி.எஸ்.டி. கோப்பில், அதாவது அவுட்லுக்கின் தரவுக் கோப்பில், இருந்தன. சி டிரைவில் இடம் தீர்ந்துபோகவே, வழக்கமாக அழைக்கும் கடையிலிருந்து வந்தவர் அந்தக் கோப்பை டி டிரைவுக்கு மாற்றினார். மாற்றியதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மாற்றியபின் அவுட்லுக்கைத் திறந்தால், பழைய இடத்தில் கோப்பு காணப்படவில்லை என்ற செய்தி வரும். அதற்கு ஓகே கொடுத்தால் கோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்கும் பெட்டி திறக்கும். அங்கே புதிய இடத்தைக் காட்டிவிட்டால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

அவர் அதைச் செய்யவில்லை. அவுட்லுக்கில் கணக்கு அமைப்புகள் அடங்கிய புரொஃபைல் ஒன்றைப் புதிதாக உருவாக்கி, எங்கள் கணக்கை அதில் சேர்த்தார். சர்வரில் மிச்சமிருந்த இரண்டு வாரக் கடிதங்கள் மட்டும் புதிய வெற்றுக் கோப்பில் வந்து இறங்கின. அதைத் திரையில் காட்டி, “பாருங்கள் சார், பழையதெல்லாம் கரப்ட் ஆகிவிட்டது, 20 ஜி.பி.யை நெருங்கினால் இப்படித்தான் ஆகும், சென்னையில் லேப்புக்கு அனுப்பி ரெக்கவரி செய்ய வேண்டும்” என்றார். அலுவலகத்தில் இருந்த அனைவருக்கும் அது நம்பும்படியாகவே இருந்தது, ஏனெனில் பல ஆண்டுக் கடிதங்கள் உண்மையாகவே கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் 20 ஜி.பி. என்பது அவுட்லுக் 2003, 2007 பதிப்புகளின் வரம்பு. 2010 முதல் அது 50 ஜி.பி. எங்களிடம் இருப்பது 2016 பதிப்பு. அதற்கும் முந்தைய பதிப்புகளில் 2 ஜி.பி.யைத் தாண்டிய கோப்புகள் மெய்யாகவே கெட்டுப்போனதுண்டு. அந்தப் பழைய அச்சத்தை வைத்துத்தான் இன்றும் சிலர் பிழைப்பு நடத்துகிறார்கள் போலும்.

சி.பி.யு.வை எடுத்துச் சென்றார்கள். திரும்பி வந்தபோது பழைய கடிதங்கள் அனைத்தும் ஃபோல்டர் பெயர்கூட மாறாமல் இருந்தன. மகிழ்ச்சியோடு பணம் கொடுத்தோம். ஆனால் புதிய கடிதம் எதுவும் இறங்கவில்லை. அனுப்பு–பெறு பொத்தானை அழுத்தும்போதெல்லாம், அவுட்லுக் தரவுக் கோப்பை அணுக முடியவில்லை என்ற செய்தி, 8004010எஃப் என முடியும் குறியீட்டோடு வந்தது. கேட்டபோது, சேதத்தின் இரண்டாம் கட்டம் இது என்றும், மேலும் 4,000 ரூபாய் ஆகும் என்றும் பதில் வந்தது.

அந்த நேரத்தில் எங்கள் கணக்கு மென்பொருளைப் பராமரிக்க வரும் தம்பி அங்கே இருந்தது நல்லதாயிற்று. அந்தக் குறியீடு கோப்பின் சேதத்தைச் சொல்வதன்று, வரும் கடிதங்களை எந்தக் கோப்பில் போடுவது என்று கணக்குக்குத் தெரியாமல் போனதைச் சொல்வது என்று விளக்கினார். கடைக்காரர் பழைய பி.எஸ்.டி. கோப்பை இணைத்து இயல்புக் (டீஃபால்ட்) கோப்பாக ஆக்கிவிட்டு, இடையில் தாமே உருவாக்கிய வெற்றுக் கோப்பை வேறு பெயரிட்டு ஒதுக்கியிருக்கிறார். கணக்கோ இன்னமும் அந்த வெற்றுக் கோப்பின் பழைய பெயரைத்தான் தேடிக்கொண்டிருந்தது. குடித்தனம் மாறியபின்னும் தபால்காரர் பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பதைப் போல. அக்கவுண்ட் செட்டிங்ஸ் பகுதியில் இமெயில் என்ற பக்கத்தைத் திறந்து, கணக்கைத் தேர்ந்தெடுத்து, கீழே உள்ள சேஞ்ச் ஃபோல்டர் பொத்தானை அழுத்தி, டி டிரைவில் உள்ள கோப்பின் இன்பாக்ஸைக் காட்டினார். கடிதங்கள் இறங்கத் தொடங்கின. ஒதுக்கப்பட்டிருந்த கோப்பையும் ஃபைல் மெனுவின் ஓப்பன் வழியாகத் திறந்து, அதில் தங்கியிருந்த கடிதங்களை இங்கே இழுத்துப் போட்டார். கடிதங்களைத் தானாகப் பிரித்து வைக்கும் ரூல்ஸ்கள் பழைய ஃபோல்டர்களைத் தேடி நின்றுபோயிருந்ததால், அவற்றை மட்டும் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருந்தது.

பிறகுதான் ரெக்கவரி என்ற கதையையே சோதித்தோம். மைக்ரோசாஃப்டின் ஸ்கேன்பிஎஸ்டி என்ற சீர்செய்யும் கருவி, திருத்தும் முன் பேக்கப் எடுக்கவா என்று கேட்டு, ஒப்புக்கொண்டால் அருகிலேயே .bak என முடியும் நகல் கோப்பை வைக்கும். என்ன செய்தது என்ற லாக் கோப்பையும் எழுதும். எங்கள் டி டிரைவில் இரண்டும் இல்லை. வேறு மென்பொருளால் மீட்டிருந்தால் புதிய கோப்பு இருந்திருக்க வேண்டும், அதுவும் இல்லை. அன்று நகர்த்தப்பட்ட அதே கோப்பு, அதே பெயரில், அதே ஃபோல்டரில் இருந்தது. எங்கள் பையர்களின் விலை விவரங்கள் அடங்கிய வட்டு அத்தனை நாளும் இன்னொருவர் கடையில் கிடந்தது என்பது, பணத்தைவிட அதிகம் உறுத்துகிறது.

டிரைவ் மாற்றியபின் வரும் வேறு சில பிழைகளும் சேதம் போலவே தோற்றமளிக்கும். டிவிடியிலிருந்து நகலெடுத்த கோப்பு ரீட் ஒன்லி என்ற அடையாளத்தோடு வந்தால் அவுட்லுக் திறக்க மறுக்கும். கோப்பின் பிராப்பர்ட்டீஸில் அந்தக் குறியை நீக்கினால் போதும். பழைய கணினியின் வட்டைக் கழற்றி மாட்டியிருந்தால் அனுமதி இல்லை என்று வரலாம். வெளி வட்டில் வைத்திருந்தால், ஒரு நாள் இ ஆக இருந்த டிரைவ் எழுத்து மறுநாள் எஃப் ஆகி, கோப்பு தொலைந்ததாகக் காட்டும். நெட்வொர்க்கில் பகிரப்பட்ட ஃபோல்டரில் வைப்பதை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை. அங்கே உண்மையிலேயே கெட்டுப்போகக்கூடும்.

ஆகவே ரெக்கவரி என்று எவராவது சொன்னால், பழைய பி.எஸ்.டி. இப்போது எந்த டிரைவில், எத்தனை ஜி.பி. அளவில் இருக்கிறது என்பதைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். அளவு குறையாமல் இருந்தால், அவுட்லுக்கை மூடிவிட்டு அதை ஒரு வெளி வட்டில் நகலெடுத்த பிறகே அடுத்த பேச்சு. கட்டணம் கொடுப்பதாக இருந்தால், எந்தக் கருவியால் என்ன செய்யப்பட்டது என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். எங்கள் ரசீதில் ‘டேட்டா ரெக்கவரி’ என்ற இரண்டு சொற்களும் தொகையும் மட்டுமே உள்ளன.

விளக்கம் கேட்டு எழுதிய கடிதத்துக்கு, ஓராண்டு ஆன்ட்டிவைரஸ் இலவசமாகப் போட்டுத் தருகிறோம் என்று கடையிலிருந்து பதில் வந்தது. அதை ஏற்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிந்திருக்கிறோம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். ரசீது, பிழைச் செய்தியின் படம், கடையின் பதில் ஆகியவற்றை அதற்காக எடுத்து வைத்திருக்கிறோம்.