ஓக்லீ க்ரீக் கேக் கடை: எங்க சித்தி கைப்பக்குவத்தை வச்சுப் பார்த்தா

மெல்போர்ன் ஓக்லீல ஈட்டன் மால் பக்கம் க்ரீக் கேக் கடைங்க நிறைய இருக்கு, அதுல எங்க சித்தி கடைசி வரைக்கும் நம்பின கடை ஒண்ணைப் பத்தித்தான் எழுதறேன். சித்தின்னா எங்க சித்தப்பா கட்டிக்கிட்டவங்க, கிரீஸ்ல கலமாட்டா பக்கம் ஒரு கிராமம், சின்னப் பொண்ணா 1960கள்ல அம்மா கையப் பிடிச்சுக்கிட்டு பிரேயஸ் துறைமுகத்துல பாத்ரிஸ் கப்பல் ஏறி வந்தவங்க. பிஸ்கட்ல இருந்து ரொட்டி வரைக்கும் எல்லாமே வீட்டு அவன்லதான், கடைப் பலகாரம்னாலே முகம் சுளிப்பாங்க. மணிக்கட்டு வலி வந்து மாவு பிசைய முடியாம போனப்புறம் இந்த ஒரு கடைய மட்டும் ஒத்துக்கிட்டாங்க. அதனால இங்க நான் போடற மார்க் எல்லாம் அவங்க கணக்குல போடறது.

கலக்தோபூரெக்கோ காலையில போனா வாங்குங்க, சாயங்காலம் வேண்டாம். ஃபீலோங்கற மெல்லிசான மாவுத் தாளுக்கு நடுவுல ரவை, பால், முட்டை போட்டுக் காய்ச்சின கஸ்டர்ட் வச்சு சுட்டு மேல பாகு ஊத்தறது இது. பாகும் பேஸ்ட்ரியும் ரெண்டும் சூடா இருக்கக் கூடாது, ஒண்ணு சூடுன்னா இன்னொண்ணு ஆறியிருக்கணும், இல்லன்னா மேல்தாள் நமுத்துப் போயிடும்னு சித்தி சொல்லிக்கிட்டே இருப்பாங்க. இந்தக் கடையில அது சரியா வருது, காலையில கத்தி வச்சா சத்தம் கேக்கும். குராபியேதெஸ்ங்கற பாதாம் பிஸ்கட்டும் நல்லா இருக்கு, வெண்ணெய் வாசனை, வறுத்த பாதாம், வாயில போட்டதும் உதிரணும், உதிருது. கூலூராக்யாங்கற வெண்ணெய் பிஸ்கட் சுமார், ஆரஞ்சுத் தோல் வாசனை பத்தல.

ட்சுரெக்கிக்கு முழு மார்க். ஈஸ்டருக்கு சுடற பின்னல் ரொட்டி, நடுவுல சிவப்புச் சாயம் போட்ட முட்டை இருக்கும். ஒரு வகை காட்டுச் செரிக் கொட்டைக்குள்ள இருக்கற பருப்பு, மஹ்லெபின்னு சொல்றது, அதையும் கியோஸ் தீவு மஸ்திக்கா பிசினையும் பொடிச்சுப் போடறாங்க. பிச்சா நார் நாரா வரணும், இங்க வருது. க்ரீக் ஈஸ்டர் பெரும்பாலும் மத்தவங்க ஈஸ்டருக்கு அப்புறம்தான் வரும், தேதி பாத்து முன்னாடியே சொல்லி வச்சிடுங்க.

ஸ்பனகோபிட்டா, அதாவது ஃபீலோ தாள்ல கீரை வச்சு சுடறது, அது மட்டும் எனக்கு ஒத்து வரல. வெறும் பாலக் மாதிரி கீரையும் ஃபெட்டா சீஸும்தான் இருக்கு. சித்தி செய்றதுல சில்வர்பீட் கீரை, வெங்காயத்தாள், டில் தழை எல்லாம் அப்பதான் கொல்லையில பறிச்சது, தோட்டத்துக்கும் அடுப்புக்கும் பத்தடி தூரம், அதோட எந்தக் கடையும் போட்டி போட முடியாது. அந்தத் தோட்டத்தப் பத்தி எழுதாம இருக்க முடியல. எலுமிச்சை, அத்தி, பந்தல்ல திராட்சை, அந்த இலையிலயே அரிசி வச்சுச் சுருட்டற தோல்மாதெஸ், காலி ஃபெட்டா டின்னுல பேசில் செடி வாசல்ல வரிசையா. நவம்பர் முதல் செவ்வாய், மெல்போர்ன் கப் குதிரைப் பந்தயம் ஓடற நாளுக்குள்ள தக்காளி நாத்து மண்ணுல இருந்தாகணும், அதுல விட்டுக்கொடுக்கவே மாட்டாங்க. வெயில் காலத்துல வ்லீத்தான்னு ஒரு கீரை போடுவாங்க, பாத்தா நம்ம தண்டுக்கீரை குடும்பம்தான், சித்தி வேகவச்சு ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் விட்டு வைப்பாங்க, சித்தப்பா அதுலயே பாதிய எடுத்துப் பருப்பு போட்டுக் கடைவாரு, ரெண்டும் ஒரே மேசைக்கு வரும்.

நான் இந்தக் கடைக்கு நன்றிக்கடன் பட்டிருக்கறது ஆனா வேற ஒண்ணுக்கு. சித்தி போனப்புறம் நாப்பதாம் நாள் பிரார்த்தனைக்கு சர்ச்சுல கோலிவா வைக்கணும், எங்க யாருக்கும் செய்யத் தெரியாது. வேகவச்ச கோதுமைய ராத்திரி பூராவும் துணியில உலர விட்டு, மாதுளை முத்து, பாதாம், திராட்சை, பட்டைப்பொடி கலந்து, மேல ஐசிங் சுகர் அழுத்தி சிலுவையும் பேரோட முதலெழுத்தும் போடறது. மண்ணுல போட்ட கோதுமை முளைச்சு வர்ற மாதிரி இறந்தவங்களும் எழுவாங்கன்னு நம்பிக்கை, வாழ்நாள் பூரா விதை போட்டவங்களுக்கு இதவிடப் பொருத்தமா என்ன வைக்க முடியும்.

கடையில இருந்த அம்மா பொறுமையா எல்லாம் கேட்டாங்க, சர்ச் எது, எத்தனை பேர் வருவாங்க, ஞானஸ்நானப் பேர் என்ன. சனிக்கிழமையே எடுத்துட்டுப் போறேன்னேன், கூடாதுன்னுட்டாங்க. கோதுமையோட ஈரம் ஏறி சர்க்கரை கரைஞ்சிடுமாம், அதத் தடுக்க நடுவுல வறுத்த மாவு ஒரு அடுக்கு போடறாங்க, இருந்தாலும் அன்னைக்குக் காலையில எடுக்கறதுதான் சரின்னாங்க. ஞாயித்துக்கிழமை விடியக்காலை போனேன், தட்டு ரெடியா இருந்துச்சு, ஓரத்துல வெள்ளி மணி மிட்டாய் வரிசையா, பிசிறே இல்ல. பங்கு போடச் சின்னப் பைகளும் கேக்காமலே வச்சிருந்தாங்க. கோதுமை குழையல, இனிப்பும் அளவு. பிரார்த்தனை முடிஞ்சு காபி குடிக்கறப்ப சித்தியோட அக்கா சாப்பிட்டுப் பாத்துட்டு எந்தக் கடைன்னு கேட்டாங்க, சித்தப்பா இன்னொரு பை கேட்டு வாங்கிக்கிட்டாரு.

விலை கொஞ்சம் கூடத்தான், கோலிவா தட்டுக்கு அது நியாயம், ஸ்பனகோபிட்டாவுக்கு நியாயம் இல்ல. கோலிவா வேணும்னா நேர்ல போய்ச் சொல்லுங்க, பேரை எழுதிக் குடுங்க, ஃபோன்ல சொன்னா எழுத்து மாறிடும். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு மேல அந்தப் பக்கம் பார்க்கிங் கிடைக்காது, கையில தட்டு இல்லன்னா ட்ரெயின்லயே போயிடுங்க, ஓக்லீ ஸ்டேஷன்ல இருந்து நடக்கற தூரம்தான்.